சென்னைக்கு ஐம்பது நிமிடம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, உதியன்குளங்கரை சந்திப்பில் இறங்கி, விமானம் பற்றி ஒரு சந்தேகம் என்று யாரிடம் கேட்டாலும் சுந்தரதாஸ் அண்ணனின் கடையைத்தான் காட்டுவார்கள். நகல் எடுக்கவும் லேமினேஷன் செய்யவும் தொடங்கப்பட்ட கடை அது. நாளடைவில் அது விமானப் போக்குவரத்துத் துறையின் கிளை அலுவலகமாக மாறிவிட்டது. அரசாங்கம் இதை முறைப்படி அறிவிக்கவில்லை. அதற்கு வேறு வேலைகள் இருக்கும்.

பொழியூரில் கடல் தின்ற வீட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்த பையன்களும், அம்பூரியில் ரப்பர் வெட்டிக் கைகாய்த்தவர்களும், பாறசாலையின் நர்ஸ் பெண்களும் பாஸ்போர்ட்டையோ ஆதார் அட்டையையோ நகலெடுக்க அவரிடம்தான் வருவார்கள். அவர் அதைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்பார்.

"எங்கே மக்கா போறே?"

"பூனாவுக்கு அண்ணா."

உடனே மேசை இழுப்பறை திறக்கும். காஷ்மீர் கிழிந்துபோன ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வெளியே வரும். பிளாஸ்டிக் ஸ்கேல் வரும். அண்ணன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அளப்பார். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை ஆறு சென்டிமீட்டர். சென்னைக்குப் பறக்க ஐம்பது நிமிடம். ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு எட்டு நிமிடம் இருபது நொடி. உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவிலும் இதே விகிதம்தான். விமானக் கம்பெனிகள் பயணச்சீட்டில் அச்சடிக்கும் நேரத்தை அவர் பொருட்படுத்துவதில்லை. "அதுல பாதி, கதவடைக்கதும் ரோட்டுல ஓடுகதும் ஆக்கும். வானத்துல எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறதுதான் கணக்கு" என்பார்.

அந்தக் கணக்குக்கு ஊரில் தேவை இருந்தது. அங்கே பழைய மிஷன் சபை ஒன்று உண்டு. சபையில் யாராவது விமானம் ஏறினால், அது தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் பெண்கள் கோயிலில் கூடி முழங்காலிடுவார்கள். அது தரையைத் தொடும்வரை ஜெபம் நிற்காது. ஒருத்தி முடிக்க அடுத்தவள் தொடங்குவாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வருகிற பெண்கள். எத்தனை நிமிடம் என்று தெரிந்தால்தானே தீயைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யலாம்? ஆகவே பெண்கள் சங்கத்தின் செயலாளர் ரத்னபாய் டீச்சர் முந்தின நாளே கடைக்கு வந்து, நேரத்தைத் தாளில் எழுதி வாங்கிப் போவார். முப்பத்தாறு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். என்றாலும் அண்ணனின் விகிதத்தை அவர் சோதித்ததில்லை. அனுபவஸ்தன் சொன்ன கணக்கு அது.

விமானங்கள் பெரும்பாலும் அண்ணன் சொன்னதைவிடத் தாமதமாகவே இறங்கின. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "ஓட்டினவன் புதுசாயிருக்கும்." இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் புதிய ஓட்டுநர்களே விமானம் ஓட்டி வந்தார்கள் என்று எங்கள் ஊர் நம்பியது.

அனுபவஸ்தன் என்றேன். அந்த அனுபவம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுந்தரதாஸ் 2003ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு விமானத்தில் போனார். அந்தத் தெருவில் முதலில் பறந்தவர் அவர்தான். குவைத்தில் இருந்த மைத்துனன் எடுத்துக் கொடுத்த சீட்டு. இரண்டு ஜீப், ஒரு வேன் நிறைய ஆட்கள் வழியனுப்பப் போனார்கள். விமான நிலையத்து வாசலில் பாஸ்டர் ஜெபித்தார். ஊரில் ரத்னபாய் டீச்சர் பெண்களைத் திரட்டிக் கோயிலில் உட்கார்ந்தார். நான் சொன்ன வழக்கம் பிறந்தது அன்றைக்குத்தான். சரியாக ஐம்பதாவது நிமிடம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் குட்டியாரின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "சென்னை வந்தாச்சு" என்றார் சுந்தரதாஸ். கோயில் மணியையே அடித்துவிட்டார்கள்.

அவர் பேசியது திருவனந்தபுரத்திலேயே, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு டெலிபோன் பூத்திலிருந்து.

நடந்தது இவ்வளவுதான். உள்ளே போய்க் கண்ணாடிச் சுவர் வழியாக அந்த விமானத்தைப் பார்த்தார். அத்தனை இரும்பு. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு ஆள் நின்று சாதாரணமாகக் காது குடைந்துகொண்டிருந்தான். அண்ணனின் இரண்டு கால்களும் தனித்தனியாகக் கூடி ஆலோசித்து, போவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றின. கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒலிபெருக்கியில் மூன்று தடவை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தன் பெயர் அவ்வளவு அழகாக உச்சரிக்கப்பட்டதை அவர் அதுவரை கேட்டதில்லை. பிறகு வேறு வாசல் வழியாக வெளியேறி, ஆட்டோ பிடித்து, சென்னை ரயிலுக்குச் சாதாரண வகுப்பில் சீட்டு எடுத்தார். பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு ரயிலேற முடியவில்லை. அதனால்தான் அவசரப்பட்டுப் பூத்துக்குள் நுழைந்தார். அவர் இன்னும் இருபது நிமிடம் பொறுத்து டீ குடித்துவிட்டுப் பேசியிருந்தால், எங்கள் ஊரின் விமானக் கணக்கு முழுவதும் சரியாக இருந்திருக்கும்.

இந்த உண்மை அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. மனைவி செல்லபாய்க்குத் தெரியாது. செல்லபாய் அன்றைக்கு ஜெபத்தின் நடுவில் ஒரு தரிசனம் கண்டிருந்தாள்: நீண்ட வெள்ளைச் சிறகு ஒன்று விமானத்தை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு போயிற்று. அதை அவள் சாட்சிக் கூட்டத்தில் சொன்னாள். அடுத்த வருடமும் சொன்னாள். பக்கத்துச் சபைகளிலும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சுந்தரதாஸ் ஆண்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். தாழ்மையுள்ள மனுஷன் என்று ஊர் மெச்சியது.

இப்படி மானத்தோடு வாழ்ந்து வந்த மனிதரைத்தான் போன மாதம் மகள் சுமி போனில் கூப்பிட்டாள். கண்ணூருக்குப் பக்கத்தில், மட்டன்னூரில் நர்ஸ் வேலை அவளுக்கு.

"அப்பா, திருவனந்தபுரத்துல இருந்து கண்ணூருக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. ஒங்களுக்கும் அம்மைக்கும். அம்மைக்கு முதல் தடவையில்லா, நீங்க கூட இருந்தா பேடிக்க மாட்டா."

அண்ணன் போனை மறு காதுக்கு மாற்றினார். "ரயிலு போதுமே மக்கா. காட்சி பாத்துக்கிட்டு…"

"ஒரு பகல் முழுக்க ரயில்ல இருந்து அம்மைக்க முட்டுவலி என்னத்துக்கு ஆகும்? எல்லாம் எடுத்தாச்சு அப்பா."

அடுத்த இரண்டு வாரம் அவர் பலவித நோய்களுக்கு முயன்றார். காய்ச்சல் வரவில்லை. முதுகு வலி வந்தது. செல்லபாய் எண்ணெய் காய்ச்சித் தேய்த்ததில் போய்விட்டது. அவள் புதுச் செருப்பு வாங்கினாள். முறுக்கு சுட்டாள். விமானத்தில் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டாள். "மேல போனதுக்குப் பொறவு திறப்பாவ" என்றார் அனுபவஸ்தன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரத்னபாய் டீச்சர் தாளோடு கடைக்கு வந்தார்.

"சுந்தரம், கண்ணூருக்கு எவ்வளவு நேரம் எழுதட்டு?"

சீட்டில் பத்தரை மணிக்குக் கிளம்பி பதினொன்றே முக்காலுக்குச் சேரும் என்று அச்சடித்திருந்தது. அண்ணன் ஸ்கேலை வைத்தார். நாலு சென்டிமீட்டர். நானூற்றுச் சில்லறை கிலோமீட்டர். கையெழுத்துப் போடுகிற கலெக்டரின் முகத்தோடு சொன்னார்: "முப்பத்தஞ்சு நிமிஷம்."

"சீட்டுல ஒண்ணேகால் மணிக்கூர் போட்டிருக்கே?"

"டீச்சரே, நான் போனவனாக்கும்."

டீச்சர் முப்பத்தைந்து என்று எழுதி அடிக்கோடிட்டார்.

காலையில் விமான நிலையத்தில் செல்லபாய் அவர் போன வழியே போனாள். அவர் மற்றவர்கள் போன வழியே போனார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் திகைத்தார். பேருந்தில் ஏற்றி விமானத்துக்கு அருகில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு இறக்கைகளிலும் பெரிய விசிறிகளோடு சின்னதாக நின்றது அது.

"இஞ்சேருங்க, இதுக்க வெளியில ஃபேன் இருக்கே. நீங்க போனதுலயும் இருந்துதா?"

"அது வேற மாடல்."

உள்ளே பணிப்பெண் இருக்கைப் பட்டியை எப்படிப் பூட்டுவது என்று கைகாட்டிக் காண்பித்தாள். சுந்தரதாஸ், தெரிந்த பாடத்தை மறுபடி நடத்தும்போது மாணவன் பார்ப்பதுபோலக் கூரையைப் பார்த்தார். செல்லபாய் கவனமாகப் பார்த்து, டக்கென்று தன்னுடையதைப் பூட்டினாள். அவர் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வேட்டி முடிச்சுப் போல ஒன்று போட்டுப் பார்த்தார். கடைசியில் அவள்தான் பூட்டிவிட்டாள்.

"அதுவும் வேற மாடலா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். விசிறிகள் சுற்றத் தொடங்கியிருந்தன.

வாகனம் மண்ணை விட்டபோது அவர் அவள் கையைப் பிடித்தார். தைரியம் சொல்லத்தான் பிடிக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கீழே கடல் மினுங்கியது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்: அது கொல்லமா, அது காயலா, மேகம் ஈரமாயிருக்குமா? அவர் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றார். பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து கைக்கடிகாரம் பார்த்தார். பதினொன்று ஐந்துக்கு மறுபடியும் பார்த்தார்.

"எறங்கப் போகுது" என்றார்.

இறங்கவில்லை. பதினொன்று பத்து. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் நுழைந்ததும் விமானம் குழியில் விழுந்த ஜீப்பைப்போலத் தடாலென்று இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. பின்னால் யாரோ "ஈஸ்வரா" என்றார்கள்.

அந்த இடத்தில்தான் சுந்தரதாஸின் மூளை ஒரு கணக்கைத் தானாகப் போட்டு முடித்தது. பதினொன்று ஐந்துக்கு ரத்னபாய் டீச்சர் ஆமென் சொல்லியிருப்பார். டீச்சர் நேரம் தவறாதவர். பெண்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு போயிருப்பார்கள். உலை இறக்கியிருப்பார்கள். பூமியில் இப்போது இந்த விமானத்துக்காக ஒருவர்கூட முழங்காலில் இல்லை. மிச்சத் தூரம் முழுவதும் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அதற்குக் காரணம் சாட்சாத் அவரே.

"எட்டி செல்லபாய்."

"என்ன?"

"நான் அண்ணைக்கு ஏறல்ல."

"எங்கே?"

"சென்னைக்கு. பிளேன்ல. ஏறல்ல. பேடிச்சுட்டு ரயில்ல போனேன். தம்பானூர்ல நிண்ணாக்கும் போன் விளிச்சேன்."

விமானம் இன்னொரு குழியில் விழுந்தது. செல்லபாய் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன் குலுக்கம் பெரிதில்லை என்று அவருக்குப் பட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் கண்டது என்னவாக்கும்?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தன் மானத்தை மட்டுமே எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, பக்கத்து வரிசையில் அவளுடைய மானமும் உட்கார்ந்திருந்தது அன்றுதான் தெரிந்தது. எத்தனை சபைகளில் நின்று சொல்லியிருக்கிறாள்.

"நான் ஏறாட்டியும் வண்டி போயிருக்குமில்லா?" என்றார் தடுமாறி. "நீ கண்டது அந்த வண்டிய. எனக்க சீட்டு காலியாட்டு போயிருக்கும். அதையும் சேத்து தாங்கியிருக்கும்."

"காலி சீட்டை."

"ஆமா."

அவள் கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, உதடு அசையத் தனியாக ஜெபிக்க ஆரம்பித்தாள். கண்ணூர் வரைக்கும் நிறுத்தவில்லை. தன் பெயர் அந்த ஜெபத்தில் வருகிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தார் அண்ணன். விசிறிச் சத்தத்தில் தெரியவில்லை. பதினொன்று நாற்பதுக்கு விமானம் தரையைத் தொட்டது. எழுபது நிமிடம். ஓட்டியவர் தலை நரைத்தவர். வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

சுமி குடியிருந்தது பங்கஜாட்சி என்ற அம்மாவின் வீட்டு மாடியில். பங்கஜாட்சிக்கு மஸ்கட்டில் மகன் உண்டு. மூன்று வருடமாக அவன் வரச்சொல்லியும் விமானம் என்ற ஒரே பயத்தில் போகாமல் இருக்கிறார். சுமி தன் அப்பாவைப் பற்றி அவரிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே சாப்பாடு முடிந்ததும் பங்கஜாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மலையாளத்தில் மரியாதையாகக் கேட்டார்: நீங்கள் அந்தக் காலத்திலேயே தனியாகப் பறந்த ஆள், முதல் தடவை ஏறியபோது பயம் இருந்ததா, உள்ளதைச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் நான் போகிறேன்.

சுமி டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்று புன்னகைத்தாள். அப்பாவின் ஐம்பது நிமிடம் வரப்போகிறது. காபி குடித்து முடிப்பதற்குள் சென்னை வந்த கதை.

சுந்தரதாஸ் செல்லபாயைப் பார்த்தார். அவள் முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். இந்த அம்மா அந்தச் சொல்லை நம்பி ஏறி, தன்னந்தனியாகச் சாம்பல் நிறத்துக்குள் போய்க் குழியில் விழுவார்.

"முதல் தடவை இண்ணைக்குக் காலையிலயாக்கும்" என்றார். "நல்லா பேடிச்சேன். நம்பல்லேண்ணா இவளுக்க கைய பாருங்க, எனக்க நகம் பதிஞ்சு கிடக்கு."

பங்கஜாட்சி கையைப் பார்த்தார். நகம் பதிந்துதான் கிடந்தது. "ஆணோ!" என்று, அப்படியா என்கிற வியப்பில் வாய்மேல் விரல் வைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பு பற்றவில்லை. இத்தனை பயப்படுகிற மனுஷனே உயிரோடு வந்து சோறு தின்றிருக்கிறாரே, அப்படியானால் தானும் போகலாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். ஒரு மனிதரின் வீழ்ச்சி இவ்வளவு சீக்கிரம் இன்னொருவருக்குப் பயன்படுவதை அதிகம் கண்டதில்லை.

சுமி டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அஞ்சாங்கிளாஸ்ல நான் கட்டுரை எழுதினேன். எங்கப்பாவின் வான்பயணம். தாலுகாவுல ரெண்டாம் பரிசு. ஸ்டேஜ்ல ஏத்தி வாசிக்க வச்சாவ."

"தெரியும் மக்கா. முன்வரிசையில நான் இருந்தேன்."

"கை தட்டினீங்க."

"தட்டினேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணன் டீயைக் குடிக்கவில்லை. ஆறி ஆடை கட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து சுமி முகம் கழுவிக்கொண்டு வந்து, அவரைப் பார்க்காமல், "திரும்பிப் போக ரயில்ல எடுக்கட்டா?" என்று கேட்டாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வேண்டாம். பிளேன்லயே போறோம்" என்றார். "எனக்க போனை இங்கே தா."

ரத்னபாய் டீச்சரின் எண்ணை அமுக்கினார். டீச்சருக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அன்று பெண்கள் சங்கக் கூட்டம் வேறு நடந்துகொண்டிருந்தது. பின்னால் பத்துப் பதினைந்து குரல்கள் கேட்டன.

"சுந்தரம், பதினொண்ணு அஞ்சுக்கு எறங்கியாச்சா? அஞ்சு அடிச்சதும் நாங்க முடிச்சோம்."

"எறங்கல்ல டீச்சரே. எழுபது நிமிஷம் ஆச்சு. திரும்பி வாறப்ப எழுபதுண்ணு எழுதுங்க."

"ஓட்டினவன் புதுசா?"

"இல்ல. கணக்கு எனக்க தப்பு. சென்னைக்கு அம்பது நிமிஷம் இல்ல. எனக்குத் தெரியாது. நான் போகல்ல."

கதையை அவர் மூன்று வாக்கியத்தில் சொன்னார். பழைய வான்பயணக் கதையில் இருந்த அலங்காரங்கள் ஒன்றும் கூட வரவில்லை. மறுமுனையில் ஸ்பீக்கருக்கு அருகே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு டீச்சர் பேசினார், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில்.

"எலே, அம்பது நிமிஷம் நாங்க சிமெண்டுத் தரையில முட்டுகுத்தி நிண்ணோம். அப்ப நீ எங்கே இருந்தே?"

"கொஞ்ச நேரம் கழிப்பறையில. பொறவு ஆட்டோவுல."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் அதட்டி அடக்கினார். "அப்ப செல்லபாய் பாத்த தரிசனம்?"

சுந்தரதாஸ் வாயைத் திறப்பதற்குள் செல்லபாய் போனைப் பிடுங்கினாள்.

"டீச்சரே, நான் பாத்தது வண்டிய. வண்டிக்க உள்ள ஆரெல்லாம் இருக்காவண்ணு நான் எண்ணிப் பாக்கல்ல."

இதற்கு வேதத்திலோ கணக்கிலோ மறுப்பு இருப்பதாக டீச்சருக்குத் தோன்றவில்லை. நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சரி, எழுபது நிமிஷம் ஜெபிக்கோம்" என்றார். "ஆனா சும்மா இல்ல. உள்ள ஏறி, பெல்ட்டு போட்டு இருக்கதை போட்டோ எடுத்து குரூப்புல போடணும். போட்டோ வந்த பொறவுதான் முட்டுகுத்துவோம்."

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அப்படியே நடந்தது. செல்லபாய் எடுத்த அந்தப் படம் சபையின் வாட்ஸாப் குழுவில் இன்றும் இருக்கிறது. சுந்தரதாஸ் அண்ணன் பன்னிரண்டாம் வரிசையில், பட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே விசிறி தெரிகிறது. கீழே டீச்சர் எழுதியிருக்கிறார்: "முகம் சரியாகத் தெரியவில்லை. நிமிர்ந்து இன்னொன்று அனுப்பவும்."